நந்தாவுலாவின் கால்

"ஊசியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். இது என் மருமகனால வந்த வினை!"

கட்டிலில் காலை நீட்டியபடி நந்தாவுலா முழங்கியது மசாகா நகர ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும். பாதத்திலிருந்து முழங்கால் வரை கறுத்த ஊதாத் திட்டுகள். கணுக்கால் வீங்கிப்போய்ச் செருப்பே ஏறவில்லை.

"மருமகன் அப்படி என்னம்மா பண்ணினார்?" என்றாள் நர்ஸ் நசோலோ.

"என் அண்ணன் சாவுக்கு வந்தவன், கூட்டத்துல என் காலை மிதிச்சுட்டான். நம்ம ஜனத்துல மாமியார் முகத்தையே மருமகன் ஏறெடுத்துப் பார்க்கக் கூடாது. இவன் மிதிச்சே விட்டான்! அதுக்கப்புறம்தான் முதல் திட்டு. பூசாரிகிட்ட போய்த் தீட்டுக் கழிச்சாச் சரியாயிடும்."

கட்டிலை மறைத்த திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் செருமினார். அந்த வாரம்தான் மாற்றலாகி வந்தவர். முகத்தில் மாஸ்க். நசோலோ போனில் எடுத்துக் காட்டிய படத்தில்தான் காலையே பார்த்தார். இவ்வளவு கூச்சம் இருப்பவர் எதற்கு டாக்டருக்குப் படித்தாரோ என்று அவளுக்கு எரிச்சல்.

"அம்மா, சதையை எடுத்துப் பரிசோதிச்சாச்சு. இது தோல்ல வர்ற புற்றுநோய். காரணம் ஒரு வைரஸ்" என்றார் திரைக்குப் பின்னாலிருந்தே.

"வைரஸா? அதான் எனக்குத் தெரியுமே. எச்.ஐ.வி.க்கு வருஷக்கணக்கா மாத்திரை முழுங்குறவ நான்."

"இது வேற வைரஸ்மா. நம்ம ஊர்ல பாதிப் பேருக்குச் சின்ன வயசுலயே எச்சில் வழியாத் தொத்திக்கும். உடம்புல எதிர்ப்புச் சக்தி இருக்கிற வரைக்கும் சும்மா கிடக்கும். எச்.ஐ.வி. அந்தச் சக்தியைத் தின்னுட்டா, இது தலைதூக்கும். உண்மையைச் சொல்லுங்க, மாத்திரையை நடுவுல விட்டீங்களா?"

நந்தாவுலாவின் குரல் முதல்முறையாக இறங்கியது. "உடம்பு நல்லாத்தானே இருந்துச்சு... கொஞ்ச மாசம் விட்டேன்."

"அதுதான் காரணம். யார் கால் பட்டும் இது வரலை. மாத்திரையை ஒழுங்காப் போட்டு, இந்த டிரிப்ஸையும் ஏத்திக்கிட்டா அடங்கும். தீட்டுக் கழிக்கிறேன்னு நாளைக் கடத்தினா நுரையீரலுக்குப் பரவிடும். அப்புறம் உயிருக்கே ஆபத்து."

"கண்டிப்பா அடங்குமா?"

"அடங்கும்மா. நான் விட மாட்டேன்." குரல் தழுதழுத்தது. நசோலோ ஆச்சரியமாகத் திரையைப் பார்த்தாள்.

நந்தாவுலா சற்று யோசித்தாள். பிறகு சட்டென்று கையை நீட்டினாள். "ஏத்தும்மா."

மருந்து இறங்கத் தொடங்கியதும் நசோலோ சீண்டினாள். "இனிமே மருமகனைத் திட்ட மாட்டீங்கல்ல?"

"மிதிச்சதுக்குத் திட்டத்தான் செய்வேன். ஆனா நல்ல புள்ள."

டாக்டர் சத்தமில்லாமல் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

நந்தாவுலா திரைப் பக்கம் திரும்பாமலே உரக்கச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை என் மகளையும் பேரப் பிள்ளைங்களையும் சாப்பிட அனுப்பி வைங்க. நீங்களும் வாங்க, வாசலுக்கு வெளியே இலை போடச் சொல்றேன், மாப்பிள்ளை!"