பதினெட்டு கிளிக்

காலையிலிருந்து ஆரினுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு நிமிர முடியவில்லை. வயிற்றில் கறுப்புக் காபியைத் தவிர வேறெதுவும் இல்லை. அந்த நேரம் பார்த்து டார்லா அவனுடைய ஷாக் அப்சார்பர் பட்டறை வாசலில் பிக்கப் வண்டியை நிறுத்தி, பின்னால் கட்டியிருந்த ரேஸ் பைக்கை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

பைக்கின் இடது பக்கம் முழுக்கத் தார்ச்சாலையில் உரசித் தேய்ந்திருந்தது.

"சீசன் முடிஞ்சிருச்சும்மா. ஷாக் சர்வீஸ்னா மார்ச்சுல கொண்டாங்க" என்றான் ஆரின்.

"சர்வீஸ் வேணாம். ஒரு உயிர் போயிருக்கு. தப்பு வண்டியோடதா, ஓட்டின ஆளோடதான்னு எனக்குத் தெரியணும். அதை நீங்கதான் சொல்லணும்."

ஆரின் கையைத் துடைத்துக்கொண்டான். போன மாதக் கடைசி ஞாயிறு, வந்த வண்டிகளுக்கு ஷாக் அளவு சொல்லிவிட்டு, மதியமே வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு அவன் ரேஸ் டிராக்கிலிருந்து கிளம்பிவிட்டான். மறுநாள் யாரோ போனில், ஆறாவது வளைவில் ஓர் ஆள் போய்விட்டதாகச் சொன்னார்கள். யார் என்று அவன் கேட்கவில்லை. அதற்கப்புறம் டிராக் பக்கமே போகவும் இல்லை.

இருவருமாகப் பைக்கை உள்ளே தள்ளினார்கள். பின் டயரின் விளிம்பில் ரப்பர் கிழிந்து சுருண்டு கிடந்தது.

"ஒரே நாள்ல இப்படியா? டயர் விக்கிறவன் கிறிஸ்துமஸுக்கு உங்க வீட்டுக்கு கேக் அனுப்புவானே!"

அவள் சிரிக்கவில்லை. "மாசம் நாலு டயர் வாங்கிக் கட்டுப்படியாகல. அதைக் குறைக்கலாம்னுதான் அன்னைக்குக் காலையில ஷாக்கோட திருகை மாத்தி வச்சது."

"ரேஸ் உடுப்பையும் சேத்து, ஓட்டின ஆளு எவ்வளவு எடை?"

"நூத்தி அறுபது பவுண்டு."

"ஸ்பிரிங் சரியான்னு பாக்கணும். யாராவது மேல உக்காந்தாத்தான் அளக்க முடியும்."

அவள் காலைத் தூக்கிப் போட்டு ஏறினாள். பாதத்தின் நுனியை மட்டும் மிதியில் ஊன்றி, முழங்கையை மடக்கி, டாங்க்கின் மேல் படிந்தாள். ஆரின் அளவு டேப்பை வைத்துப் பார்த்தான். பின்பக்கம் எவ்வளவு அமுங்க வேண்டுமோ சரியாக அவ்வளவே அமுங்கியிருந்தது. ஓட்டிச் செத்தது இவள் மகனாகத்தான் இருக்கும், தாயும் பிள்ளையும் ஒரே எடை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"ஸ்பிரிங்ல குத்தமில்ல. இறங்குங்க."

அடுத்தது ஷாக்கின் அடியிலிருக்கும் சின்னத் திருகு. அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாக எழும்ப வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும். ஒரு படி திரும்பினால் ஒரு கிளிக் சத்தம் கேட்கும். ஆரின் படுத்துக்கொண்டு அதை இறுக்கி மூடும் பக்கமாகத் திருப்பினான். நாலே கிளிக்கில் முட்டி நின்றது.

"நாலா? எந்த மடையன் இவ்வளவு இறுக்கி வச்சான்? ஷாக் எழும்பறதுக்குள்ள அடுத்த மேடு வந்துருமே. டயரும் கிழியும், வளைவுல சக்கரமும் வழுக்கிட்டுப் போயிரும்."

"பதினெட்டுன்னு எழுதியிருந்துச்சு. எண்ணித்தான் வச்சது."

அவள் பர்சிலிருந்து ஒட்டும் காகித டேப் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். "நல்லாப் பாருங்க. கோழி கிளறின மாதிரி இருக்கு. ஆனா பதினெட்டுதான்."

கறுப்பு மையில் ஒரு ஒன்று. பக்கத்தில், ஒட்டாமல் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த இரண்டு வட்டங்கள். ஆரினின் எட்டு.

அன்றைக்கு வரிசையில் முப்பது வண்டிகள். வேறொரு பைக்கின் அடியில் அவன் மல்லாந்து கிடந்தபோது, ஹெல்மெட் மாட்டிய யாரோ வந்து, எஞ்சின் இரைச்சலில் டயர் கிழிகிறது என்று கத்தினார்கள். அவன் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. டேப்பைக் கிழித்து எழுதி, கையை மட்டும் வெளியே நீட்டினான்.

"எங்கேருந்து எண்ணினது?"

"முழுசாத் திறந்துவிட்டு, அங்கேருந்து பதினெட்டு."

"இருக்கிறதே இருபத்திரண்டு கிளிக். முழுசா மூடிட்டு, அங்கேருந்து திறந்துகிட்டே எண்ணணும். டிராக்ல எல்லாரும் அப்படித்தான் எண்ணுவாங்க."

"முதல் வருஷக்காரங்களுக்கு அது எப்படித் தெரியும்? இதுல எழுதியிருக்கா?"

எழுதவில்லை. எண் மட்டும்தான் இருந்தது.

ஆரின் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. திருப்பினவர் மேல் பழியைப் போட்டு அனுப்பிவிடலாம். நாலு வார்த்தை பேசினால் போதும். அதற்கும் மனசில் சத்து இல்லை.

"இது என் கையெழுத்தும்மா."

"தெரியும். அதான் உங்ககிட்டயே கொண்டாந்தேன்."

"தப்பு வண்டியோடது இல்ல. பாதி என்னோடது. பாதி, கேக்காம எண்ணினவங்களோடது."

"அவ்வளவுதான் தெரிய வேண்டியிருந்தது" என்றாள் அவள். குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

ஆரின் வண்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தான். "உங்க பையன் விஷயத்துல... எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலம்மா."

"எனக்குப் பிள்ளையே கிடையாது. ஓட்டினது நான். சறுக்கிட்டுப் போன வண்டி, வளைவுல கொடி காட்ட நின்ன டிராக் ஊழியரை அடிச்சிருச்சு. செத்தது அவர்தான்."

பிக்கப்பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவனுக்காகக் காத்து நின்றாள்.

"ஏறுங்க. அவர் பொண்டாட்டிக்கு நாம ரெண்டு பேரும் இன்னும் ஒரு மன்னிப்பு பாக்கி."