விரலை எடுத்தால்

கடைக்காரர் மூன்று குட்டி விமானங்களைக் காய்ந்த ஏரிக்குக் கொண்டுவந்திருந்தார். வான்சாகசப் போட்டிக்கு ரெஜினாவுக்கு அவற்றில் ஒன்று வேண்டும். அவள் வைத்திருந்தது ஒரே சோதனைதான். மேலே கொண்டுபோய்த் தலைகீழாகத் திருப்புவாள். பிறகு ரிமோட்டின் குச்சிகளிலிருந்து விரல்களை எடுத்துவிடுவாள்.

முதல் விமானம் தானாகவே மெல்லப் புரண்டு நிமிர்ந்துகொண்டது.

"நீங்க தப்புப் பண்ணாலும் அதுவே சரிபண்ணிக்கும் மேடம்," என்றார் கடைக்காரர்.

"அப்படின்னா வேணாம். போட்டியில நான் திருப்பினது திருப்பினபடி நிக்கணும்," என்றாள் ரெஜினா.

இரண்டாவது விமானம் மூக்கைத் தாழ்த்தி இறங்கத் தொடங்கியதுமே பின்னால் நின்ற அவள் கணவர் சவரிமுத்து ரிமோட்டைப் பிடுங்கி அதைக் காப்பாற்றினார். பதினெட்டு வருடங்களாக, அவள் கார் ஓட்டினால் பக்கத்து இருக்கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பவர்.

"நான் இல்லன்னா இந்நேரம் அப்பளம்தான்," என்றார்.

மூன்றாவது தலைகீழாகத் திரும்பியது. விரல்களை எடுத்தாள். சவரிமுத்துவின் கை நீண்டது. ரிமோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள். விமானம் நிமிரவில்லை, இறங்கவும் இல்லை. விட்டது விட்டபடியே, மஞ்சள் வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நேராகப் போனது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சவரிமுத்து பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"நிமித்திடலாமா மேடம்?" என்றார் கடைக்காரர்.

எத்தனை காலமாகவோ தூக்கியே வைத்திருந்த தன் தோள்கள் இறங்குவதை ரெஜினா அப்போதுதான் கவனித்தாள்.

"இருக்கட்டும். கொஞ்ச நேரம் அது பாட்டுக்குப் போகட்டும்."