கீழ்க்கட்டைப் பனி

பியானோவின் இடது கோடியில் மூன்று கட்டைகள். தும்... தும்... தும். கனத்த காலணியோடு யாரோ பனியில் நடந்து போவது போல. இருபது வருஷமாகியும் அந்தச் சத்தம் டீச்சர் காதை விட்டுப் போகவில்லை.

குளிர்கால விடுமுறைக்கு முந்திய வகுப்பு அது. பிள்ளைகள் ஆறு பேர்.

"பனிக்காலத்தை வச்சு ஆளுக்கொரு மெட்டு சொந்தமாக் கட்டிட்டு வாங்க. நல்லா இருக்கிறது மேடை ஏறும்" என்று சொல்லியிருந்தார். வகுப்பின் ஆண்டு விழாவில் இருந்ததோ ஒரே ஓர் இடம்.

முதலில் வாசித்த ஐந்து பேரும் மேல் ஸ்தாயி பேசும் வலது கோடிக்கே போய்ச் சேர்ந்தார்கள். பனி விழுகிறதாம். டீச்சர் விரல்களையே பார்த்துக்கொண்டு, "அருமை, அருமை" என்றார். அவர்களில் முன்பல் துருத்திய பல்லன் வாசித்தபோது மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"என்ன இளிப்பு? அவன் விரலைப் பாருங்க, எவ்வளவு அழகா ஓடுது."

கடைசியாக ரெட்டைச்சடை. வகுப்பிலேயே கெட்டிக்காரி. மேடை தனக்குத்தான் என்று வீட்டில் உடுப்புகூட எடுத்து வைத்துவிட்டவள். அவள் விரல்கள் நடுக்கட்டையைத் தாண்டவே இல்லை. தும்... தும்... தும்.

"நிறுத்து. பனி மேலேருந்து விழுமா, தரையிலேருந்து முளைக்குமா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"இதையே மேல வாசி."

"வேண்டாம் டீச்சர்."

"ஏன்?"

"அப்புறமா உங்ககிட்ட தனியாச் சொல்றேன்."

"அதென்ன ரகசியம்? எதுவா இருந்தாலும் இங்கேயே சொல்லு. எல்லாரும் கேட்கட்டும்."

அவள் மற்ற ஐந்து பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டீச்சரை.

"ஒண்ணுமில்லை டீச்சர்."

"செய்யறது சோம்பேறித்தனம், இதுல வீறாப்பு வேறயா? எழுந்திரு."

இடம் பல்லனுக்குப் போனது. விழாவன்று அவன் வாசித்து முடித்ததும் பெற்றோர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர்தான் பலமாகக் கைதட்டினார்.

விடுமுறை முடிந்து ரெட்டைச்சடை வரவில்லை. கோபம் தணிந்தால் வருவாள் என்று டீச்சரும் விட்டுவிட்டார்.

பனி உருகிய பிறகு பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர் வந்தார். வலது கோடியில் அவர் தட்டத் தட்ட, டீச்சருக்கு மரம் இடிபடும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"ஏம்ப்பா, அந்தப் பக்கம் தந்தி அறுந்து போச்சா?"

அவர் இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார்.

"எல்லாம் கணீர்னு பேசுதேம்மா." கொஞ்சம் தயங்கினார். "உங்களுக்குக் கேட்கலையா?"

காது டாக்டர் மழுப்பாமல் சொன்னார். "மேல் ஸ்தாயி போய் நாலஞ்சு வருஷம் இருக்கும். இத்தனை நாளா விரலைப் பார்த்தே சமாளிச்சிருக்கீங்க."

டீச்சர் அன்றைக்கே ரெட்டைச்சடை வீட்டுக்குப் போனார். அவள் அம்மா கதவைத் திறந்தாள்.

"அவளைத் திரும்பவும் அனுப்புங்களேன். அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"அவ வர மாட்டா டீச்சர், சொல்லிப் பார்த்துட்டேன்." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "முதல்ல அவளும் மேலதான் கட்டியிருந்தா. கண்ணாடி மணி மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு வாரம் உட்கார்ந்து மொத்தத்தையும் கீழ இறக்கினா. ஏண்டி கெடுக்கறேன்னு கேட்டேன். 'டீச்சருக்கு மேல கேட்கலைம்மா, தப்பா வாசிச்சாலும் அருமைங்கறாங்க. மத்தவங்க சிரிக்கிறாங்க. என்னோடதாவது அவங்களுக்குக் கேட்கட்டும்'னா."

உள்ளே ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

ரெட்டைச்சடை அதற்குப் பிறகு பியானோவைத் தொடவே இல்லை. இப்போது நகரப் பேருந்து ஓட்டுகிறாள்.