எடுத்துக்காட்டு அட்டை

அகராதி அலுவலகத்தில் ‘எரிச்சலூட்டு’ என்ற சொல்லுக்கு நாகவல்லி அட்டையில் எழுதிய எடுத்துக்காட்டைப் பதிப்பாசிரியர் மூன்றாவது முறையாக அடித்துவிட்டு, சிவப்பு மையில் தன்னுடையதை எழுதியிருந்தார்: ‘மனைவியின் கேள்விகள் அவனுக்கு எரிச்சலூட்டின.’

“எப்பவும் மனைவிதானா சார்?” என்று அவர் அறைக்கே போய்க் கேட்டாள்.

“இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு! கொஞ்சம் சிரிம்மா. அப்படியே ஒரு டீ சொல்லு.”

அவள் டீ சொல்லவில்லை. புது அட்டை எடுத்து எழுதினாள்: ‘கேள்வி கேட்டவளிடம், “கொஞ்சம் சிரிம்மா, ஒரு டீ சொல்லு” என்றது எரிச்சலூட்டியது.’ யார் சொன்னது, எங்கே, எப்போது என்று அட்டையில் குறிக்க வேண்டும் என்பது அவரே போட்ட விதி. அவர் பெயர், அவர் அறை, இன்றைய தேதி. சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, அட்டையோடு நீட்டினாள்.

“கையெழுத்துப் போடுங்க சார்.”