மலைப்படியின் படம்

போலீஸ் வந்ததால் தறிகளை நிறுத்திவிட்டார்கள். நகரியின் அந்தத் தெருவில் கத்தாமல் பேசினாலும் இப்போது காதில் விழுகிறது. மாடி அறையில் புரட்டாசி வெயில் ஜன்னல் கம்பிகளைப் பாயின்மேல் நீட்டிப் போட்டிருக்கிறது. எட்டு மாதமாய் அங்கே குடியிருக்கும் சுரேஷ்பாபு கைவிலங்கோடு அதில் உட்கார்ந்திருக்கிறான். அவன் பெட்டியில் இருந்த குண்டைக் காலையிலேயே கொண்டுபோய்விட்டார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட வந்த வீட்டுக்காரர் முனிகிருஷ்ணன், எஸ்.ஐ. நீட்டிய தாளையே பார்க்கிறார். திருமலைக்கு நடந்து ஏறும் படிகளை சுரேஷ்பாபு வரைந்து வைத்திருந்த படம். பெண்கள் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து நெருக்கியடித்து நிற்கும் திருப்பத்தில் ஒரு வட்டம், பக்கத்தில் ‘சனிக்கிழமை’ என்று எழுதியிருக்கிறது. எல்லாம் அவர் வாயால் சொன்னது. பெற்ற மகனையே நம்பாத மனுஷன், பக்தியில் கேட்கிறான் என்று இவனை நம்பி, விரல் மடக்கி விவரம் சொன்னார்.

“எதுக்குடா?” என்கிறார்.

“என் தம்பிய லாக்கப்புல அடிச்சே கொன்னாங்க நைனா. ஒருத்தனும் ஏன்னு கேக்கல. நூறு பேர் செத்தா கேப்பாங்க.”

“அடிச்சது என் பொண்டாட்டியா? இந்தச் சனிக்கிழமை கமலாவும் அங்கதான்டா குனிஞ்சி மஞ்சள் வச்சிக்கினு இருப்பா. மறந்துட்டியா?”

மறந்துட்டேன் என்று சொல்லிவிட மாட்டானா என்று கிழவர் காத்திருக்கிறார்.

“மறக்கல. கமலா ஆயாவுக்கு மில்லுல மஞ்சள் அரைச்சிக்கினு வந்ததே நான்தானே.”

அந்த முகத்தில் கோபமாவது இருக்கும் என்று தேடுகிறார். கமலாவுக்காகத் தண்ணீர் கேன் தூக்கி வந்து இறக்கும்போது எப்படி இருக்குமோ, அப்படியே சாந்தமாக இருக்கிறது.