பக்கத்து நாற்காலி

எந்தக் கச்சேரியானாலும் அரை மணி முன்னால் போய் உட்கார்ந்தால்தான் சந்தானத்துக்கு நிம்மதி. பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு வைப்பார். மனைவி பட்டு அடுப்படியை ஒழித்துவிட்டு ஆடி அசைந்து வந்து சேருவாள்.

அவருக்கு உயிர் ஒரு ஜாஸ் இசைத்தட்டு. ஐம்பதுகளில் அமெரிக்காவில் நடந்த கச்சேரியை அரங்கிலேயே பதிவு செய்தது. கட்கியில் அவர்கள் இருந்த வீட்டில் ஞாயிறு தவறாமல் ஓடும். "பாத்திரம் தேய்க்கற சத்தமே தேவலை," என்பாள் பட்டு.

அவர் காலமான மறுவருஷம் பட்டு மகன் ஷ்ரேயஸோடு மகர்பட்டாவுக்குக் குடிபோக வேண்டியிருந்தது. இசைத்தட்டைப் பழைய சாமான்காரனிடம் போடுமுன் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று ஷ்ரேயஸ் ஊசியை வைத்தான்.

கைதட்டல் கேட்டது. கூட்டத்தில் யாரோ இருமும் வழக்கமான சத்தம் கேட்டது. பிறகு, யாருக்கோ பதில் சொல்வதுபோல, இதுவரை அந்தத் தட்டில் கேட்டிராத ஒரு குரல்: "சாரி சார், மை ஒய்ஃப் இஸ் கமிங்." அப்புறம் தணிவாக, "வந்துடுவா."

ஷ்ரேயஸ் ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தான். அதே இடத்தில் அதே குரல்.

"அம்மா, இது அப்பா."

"தெரியறதுடா. இரு, வரேன்."

பட்டு முகம் கழுவி, அரக்குப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "எப்பவும்போல நான்தான் லேட்டு," என்று சொல்லிக் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

ஷ்ரேயஸ் மூன்றாம் முறை ஊசியை வைத்தபோது அந்தக் குரல் வரவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. தொடர்ந்து வளையல் குலுங்கியது. பட்டுவின் கைகள் மடியில் அசையாமல் இருந்தன.

வாத்தியங்கள் ஆரம்பித்தன.