ஒட்டுப்பலகை மான்

அணுபுரம் மனமகிழ் மன்றத்தின் பின்புறம் மணல்மூட்டைகளுக்கு முன்னால் ஒட்டுப்பலகை மான் ஒன்று நிற்கிறது. மாலை வெயிலில் அதன் வெள்ளைப் புள்ளிகள் மட்டும் மினுங்குகின்றன. மூங்கில் பட்டைகளை ஒட்டித் தானே செய்த குறுக்குவில்லை, மைத்துனன் ரஞ்சித்குமாரிடம் நான்காம் முறையாக நீட்டுகிறார் சம்பத். வில்லையே தொட்டறியாத ஒருவன் மானை அடித்துக் காட்டினால்தான் பொங்கல் விழாவில் இந்த விளையாட்டுக்கு அனுமதி. ஓர் அம்பு மூட்டையைத் தாண்டினாலும் கிடையாது. அப்படிச் சொல்லிவிட்டுச் செயலாளர் ஜானகிராமன் கைகட்டி நிற்கிறார். மூன்று அம்புகள் மூட்டையின் இடது ஓரத்தில் தொங்குகின்றன. “ஒத்தக் கையால நாணை இழுத்தா அம்பு கோணலாத்தான் போகும்னு எத்தனை தடவைடா சொல்றது? வில்லு முனையில இருக்குற வளையத்துல காலை வை. ரெண்டு கையாலயும் சமமா இழு. கட்டைவிரல் மேல வந்தா நாண் சீவிடும்!” “இழுத்துகினுதான கீறேன் மாமா, பேஜார் பண்ணாத.” நாண் ‘டக்’கென்று கொக்கியில் மாட்டுகிறது. கட்டைவிரல் கீழேதான் இருக்கிறது. “முன்னங்காலுக்குப் பின்னால, நெஞ்சைக் குறி பாரு. மூச்சை விடு. விசையை வெடுக்குனு இழுக்காத, மெள்ள அழுத்து.” எல்லாம் அப்படியே அமைகிறது. சம்பத்தின் முகம் மலர்கிறது.

மடாரென்று ஒரு சத்தம். சுமந்து போக அம்பில்லாததால் நாணின் வேகம் முழுவதும் வில்லுக்கே திரும்பி, மூங்கில் நெடுக்காகப் பிளந்து தொங்குகிறது. நான்காவது அம்பு மேசைமேல் கிடக்கிறது.

“இந்தத் தபா அம்பு வைக்கச் சொல்லவே இல்லியே மாமா!”

சம்பத் தலையில் கை வைக்கிறார். ஜானகிராமன் பிளந்த வில்லைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பேனாவைத் திறக்கிறார்:

“மானை அடிக்கலைன்னாலும் மூட்டையைத் தாண்டி எதுவும் போகலை சார். அனுமதி குடுத்துடலாம்.”